நல்ல சேதிச் சுற்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு மதியச் சாப்பாட்டில் கிடைத்தது. ஒரு சேவைச் சங்கத்தின் வாராந்திரக் கூட்டத்துக்கு என்னை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் எழுத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். பேச்சைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பேசவில்லை. பேச முடியாமல் போனதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அறையில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் நடந்ததை அங்கே எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவரின் மனைவி பிறகொரு நாள் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். நிரப்பியது எது என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

[தொடக்கம், முதல் முயற்சி: "அந்த மாடி அறையின் ஜன்னல் வழியாக மதிய வெயில் ஒரு..." வெயிலில் ஆரம்பித்த கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன். வேண்டாம்.]

[இரண்டாம் முயற்சி: "பேச்சையே பிழைப்பாகக் கொண்ட ஒரு மனிதரின் பேச்சை விதி பறித்தபோது..." விதியை எதற்கு இழுக்க வேண்டும்? அது ஒரு ரத்தக் குழாய் அடைப்பு.]

[மூன்றாம் முயற்சி: "அச்சகக்காரர் காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்."]

மூன்றாவதில் பொய் எதுவும் இல்லை. அதிலிருந்தே போகலாம்.

2

அச்சகக்காரர் காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அடித்துவிட்டு, அடித்திருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏனென்றால் உள்ளே இருந்து வரப்போகிறவர் மாஸ்டர். காரணமில்லாமல் ஹாரன் அடிக்கிறவனுக்குப் பொறுமை இல்லை, பொறுமை இல்லாதவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்கிறவர்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பாதி, அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டக் கற்றவர்கள் என்று சங்கத்துப் பல் டாக்டர் சொல்வார். அச்சகக்காரர் முதல் பாதியைச் சேர்ந்தவர். தேர்வில் பல முறை தோற்று, மாஸ்டரின் மானத்தை வாங்கி, கடைசியில் பாஸ் செய்தவர்.

மாஸ்டர் ஒரு கையில் ஊன்றுகோலும், மறு தோளில் மனைவியின் கையுமாக வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. சங்கத்தின் சின்னம் பொறித்த சின்ன வில்லை நெஞ்சில் நேராகக் குத்தியிருந்தது.

"அண்ணி, நீங்க பின்னாடி. மாஸ்டர் முன்னாடிதான். அது அவரோட சிம்மாசனம்" என்றார் அச்சகக்காரர்.

மாஸ்டர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, "பெல்..." என்றார்.

"பெல்ட்டா? போட்டுட்டேன் மாஸ்டர், பாருங்க. உங்ககிட்ட படிச்சவன் பெல்ட் போடாம இருப்பானா?"

மாஸ்டர் சொல்ல வந்தது பின்சீட்டில் மனைவி போட வேண்டிய பெல்ட்டைப் பற்றி. கார் நகர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். மனைவிக்குப் புரிந்தது, தானே இழுத்து மாட்டிக்கொண்டார். இப்படித்தான் அந்த வீட்டில் பல மாதங்களாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

பயிற்சிக் காரில் சொல்லித் தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அச்சகக்காரரின் காரில் அது இல்லை. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டரின் நல்ல கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.

"எதை மிதிக்கிறீங்க மாஸ்டர்? அங்க ஒண்ணும் இல்ல."

"தெ...ரியும்."

"வீட்டு சோபாவுலயே மிதிக்கிறவர் தம்பி, கார்ல விடுவாரா?" என்றார் மனைவி. "டிவியில எவனாவது வேகமாப் போனாப் போதும்."

மூவரும் சிரித்தார்கள். மாஸ்டரின் சிரிப்பு மட்டும் வாயின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

3

ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது மாஸ்டரின் கையிலிருந்து ரேசர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஒரு கையும் ஒரு காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கால் போகப் போக வழிக்கு வந்தது. வாய்தான் வரவில்லை.

அவருக்கு எல்லாம் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. சொல் வாசல்வரை வரும். செருப்பைத் தேடிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடும். காத்திருந்தால் திரும்பி வரும். யாராவது அதற்குள் வேறொரு சொல்லைக் கையில் கொடுத்துவிட்டால் அது வரவே வராது.

[இதை நான் நிரப்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் மாஸ்டரின் மனைவியிடம் ஏறக்குறைய இதே போலச் சொல்லியிருக்கிறார். செருப்பு மட்டும் என்னுடையது.]

இப்போது சங்கத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதன்கிழமைதோறும், ஒரு ஓட்டல் மாடியில், சாப்பாட்டுக்கு நடுவில் 'நல்ல சேதிச் சுற்று' என்று ஒன்று நடக்கும். ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் தனக்கு நேர்ந்த ஒரு நல்ல சேதியைச் சொல்ல வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும். குழாய் ஒழுகுவது நின்றது, மாமியார் சிரித்தார், எதுவானாலும் சரி. சொல்லி முடித்ததும் மற்றவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். கை தட்டுவது கிடையாது. கையில் கரண்டி இருக்கும்.

ஒரு காலத்தில் அந்தச் சுற்றின் நாயகன் மாஸ்டர். "இந்த வாரம் என் மாணவர்களால உயிர்ச்சேதம் இல்ல. ஒரு மதில் மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு. அதுவும் ஏற்கெனவே சாயணும்னு நினைச்சுக்கிட்டு இருந்த மதில்தான்" என்பார். பக்கத்து அறையில் கூட்டம் நடத்துகிறவர்கள் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு எழும்.

அவர் படுத்த பிறகு வந்த முதல் புதன்கிழமை, அச்சகக்காரர் சங்கத்துக்குப் போகவில்லை. அதே ஓட்டலில் அதே சாப்பாட்டை இரண்டு பேருக்குக் கட்டச் சொல்லி, மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டு போனார். கட்டிலோரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "கூட்டம் தொடங்குது" என்றார். தண்ணீர் தம்ளரைக் கரண்டியால் தட்டி மணி அடித்தார். சங்கத்தில் யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் சொன்னார். பிறகு நல்ல சேதிச் சுற்று. தன்னுடையதைச் சொன்னார். அடுத்து மாஸ்டரின் முறை.

"சொல்லுங்க மாஸ்டர். உங்களுக்கு என்ன நல்ல சேதி? கட்டை விரல் அசையுது, அதானே? அதேதான். சபாஷ்!" முக்காலியைத் தட்டினார்.

அடுத்த புதனும் வந்தார். அதற்கடுத்ததும். மழையிலும் வந்தார். தன் கடையில் இயந்திரம் நின்றுபோன வாரத்திலும், கை முழுக்க மையோடு வந்தார். ஒரு புதன்கூடத் தவறவில்லை. ஒரு புதன்கூட மாஸ்டரைத் தன் சேதியைச் சொல்லவும் விடவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னார்: "தனித்தனிச் சொல் போதும் ஐயா. இனிமே ஒரு முழு வாக்கியம் எடுத்துக்குவோம். நீங்க நிஜமாவே சொல்ல ஆசைப்படுற ஒண்ணு."

"தண்ணி வேணும்னு வெச்சுக்கலாமாங்க?" என்று மனைவி கேட்டார். மாஸ்டர் தலையசைத்து மறுத்தார். "மருந்து?" மறுப்பு. "என் பேரு?" கொஞ்சம் தயங்கி, அதற்கும் மறுப்பு. மனைவி கோபித்துக்கொண்டது போல முகத்தைத் திருப்பினார். ஒரு மதியம் முழுக்கக் கேட்டுக் கேட்டு, ஜாடையைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் அந்த வாக்கியம் என்னவென்று கண்டுபிடித்தார்.

*எல்லாப் புதன்கிழமையும் என் நண்பன் வந்தான்.*

இதைச் சங்கத்தில், எல்லோர் முன்னாலும், அச்சகக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மாஸ்டரின் ஆசை. 'புதன்கிழமை' ஒரு செங்குத்தான மேடு. அங்கேதான் வண்டி நிற்கும். கண்ணாடி முன் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். ஒரு மாலை, ஒரே மூச்சில், முழுசாக வந்தது. மனைவி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். [இது நான் நிரப்பியது. அவர் "எனக்கு வேலை இருந்துச்சு, உள்ள போயிட்டேன்" என்று மட்டும்தான் சொன்னார்.]

அடுத்த புதனுக்கு மாஸ்டர் சங்கத்துக்கே வருகிறார் என்று மனைவி அச்சகக்காரருக்குத் தகவல் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

4

அச்சகக்காரரோடு எனக்கு ஒரு தகராறு உண்டு.

முதல் பிரதியில் அவரைக் கெட்டவராகத்தான் எழுதினேன். அடுத்தவர் பேச்சை முடித்து வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவன். நான் மூச்சு விடும் இடத்தில் எல்லாம் என் வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பலர். ஆகவே அச்சகக்காரருக்கு ஒரு தொந்தியும், மோதிரங்களும், எகத்தாளச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். "தன் குரலைத் தானே கேட்டு மகிழும் அந்த மனிதர்..." என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. அதை இங்கே அப்படியே விட்டு வைக்கிறேன், எவ்வளவு மலிவாக ஒரு ஆளை எழுதிவிட முடியும் என்பதற்கு.

பிறகு ஒரு வேலையாக அவர் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். துக்கச் செய்தி அச்சடிக்க வந்தவர். "எங்கப்பா..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் அச்சகக்காரர். "உங்க அப்பா, நேத்து, இயற்கை எய்தினார். பிள்ளைங்க பேரு எல்லாம் வரணும், மூத்தவங்க முதல்ல. சரியா? போட்டோ மட்டும் குடுத்துட்டுப் போங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் செய்த தொழில் இது. கல்யாணப் பத்திரிகைக்கு வந்து சந்தோஷத்தில் திக்குகிறவர்களுக்கும், துக்கத்தில் வாயடைத்து நிற்கிறவர்களுக்கும் மிச்ச வாக்கியத்தைப் போட்டுக் கொடுப்பது. பாதியில் நிற்கும் ஒருவரைக் காத்திருந்து பார்ப்பது அவருக்குக் கொடுமை. எடுத்து முடித்துவிடுவது கருணை. அதைவிட்டால் அன்பு காட்ட அவருக்கு வேறு வழி தெரியாது.

வீட்டுக்கு வந்து தொந்தியையும் மோதிரங்களையும் எடுத்துவிட்டேன். சிரிப்பை மட்டும் வைத்திருக்கிறேன். அது நல்ல சிரிப்பு.

ஆகவே, மாஸ்டர் வருகிறார் என்று கேட்டதும் அவர் செய்த காரியத்தை இனி நீங்கள் சரியாகப் புரிந்துகொள்வீர்கள். அந்த ஆண்டு சங்கத் தலைவியாக இருந்த மருந்துக்கடை அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, இந்த வாரம் நல்ல சேதிச் சுற்றை விட்டுடலாம்."

"ஏன்யா? அது இல்லாம என்னைக்குக் கூட்டம் நடந்திருக்கு?"

"மாஸ்டர் முறை வரும்ல. எந்திரிச்சு நின்னு, வார்த்தை வராம... எப்படி இருந்த மனுஷன் அக்கா! என்னால பாக்க முடியாது. அவராலயும் தாங்க முடியாது."

 "நீ சொல்றதும் சரிதான்" என்றார் அந்த அம்மா. "எல்லார்கிட்டயும் சொல்லிடு. அவருக்கு மட்டும் தெரிய வேணாம்."

5

அறையைச் சொல்கிறேன். நீள மேசை, வெள்ளை விரிப்பு, பழைய கறை ஒன்றின் மேல் நைசாக வைக்கப்பட்ட பூ ஜாடி. கால் அமுங்கும் கம்பளம். ஒரு பக்கம் சுவர் இல்லை. மடிக்கும் தடுப்புப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் வேறு ஏதோ நிறுவனத்தின் கூட்டம். அவ்வப்போது கை தட்டல் கேட்டது.

மாஸ்டர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் உரசிய சத்தம் ஓய்ந்தது. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள்.

"இளைச்சாலும் களையா இருக்கீங்க மாஸ்டர்."

"நம்ம பார்க்கிங்ல இப்ப என் வண்டியைப் பாத்திருப்பீங்களே, கோட்டுக்குள்ள நேரா நிக்குது!"

"அதை ஓட்டல் பையன் நிறுத்திக் குடுத்தான்" என்றார் பல் டாக்டர்.

மாஸ்டரை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் அச்சகக்காரர். எதிரில் நான், மடித்த காகிதத்தோடு. சூப் வந்தது. ரொட்டி வந்தது. அச்சகக்காரர் மாஸ்டருக்கு ரொட்டியைக் கிழித்து வைத்தார். மாஸ்டர் அதைத் தள்ளிவிட்டு, நல்ல கையால் தானே ஒரு துண்டைக் கிழித்தார். அச்சகக்காரர் தான் கிழித்ததைத் தானே சாப்பிட்டார்.

எனக்கு அப்போது விளங்காத ஒரு விஷயம்: அந்த மேசையில் எல்லோருமே எதையோ வாயில் அடைத்து வைத்திருப்பது போல இருந்தார்கள். பல் டாக்டர் அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். யாரையாவது பார்த்தால் முகம் மலர்ந்து, உடனே கருத்து, சூப்பில் கவிழ்ந்தது.\*

\* அன்று விடிகாலையில் அவருக்குப் பேத்தி பிறந்திருந்தாள். பையில் இருந்த போனில் படம். நல்ல சேதி சொல்லக் கூடாது என்று உத்தரவு. ஒரு தாத்தாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை நான் கற்பனை செய்ய முடியாது. செய்யவும் இல்லை, நடந்ததுதான்.

மாஸ்டர் சாப்பிடவில்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மேசைக்கு அடியில் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

6

தலைவி மணியை அடித்தார். அறிவிப்புகளைப் படித்தார். ரத்த தான முகாமுக்கு வந்தவர்களுக்கு நன்றி, பள்ளிக்குக் கொடுத்த நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன, அடுத்த வாரம் சைவச் சாப்பாடு வேண்டுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லவும். மாஸ்டர் ஊன்றுகோலை நேராக்கிக்கொண்டார். வழக்கப்படி அடுத்தது அந்தச் சுற்றுதான்.

"இன்னைக்கு நேரம் கொஞ்சம் கம்மியா இருக்கிறதால" என்றார் தலைவி, தன் எதிரில் இருந்த உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டு, "நேரா நம்ம விருந்தினர்கிட்ட போயிடலாம்."

நேரம் தாராளமாக இருந்தது. இன்னும் இரண்டாவது சாப்பாட்டுத் தட்டே வரவில்லை.

நான் எழுந்தேன். காகிதத்தைப் பிரித்தேன். நிமிர்ந்தபோது எதிரில் மாஸ்டரின் முகம்.

இந்த இடத்தில்தான் அவருக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. கவனமாக நுழைகிறேன். காலமெல்லாம் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். சாலையைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் ஆளைப் படிக்கிற பழக்கம். இவன் இப்போது தப்புச் செய்யப்போகிறான் என்பது, செய்கிறவனுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரியும். மேசையைச் சுற்றிப் பார்த்தார். உப்பு ஜாடியைப் பார்க்கும் தலைவி. சூப்பைப் பார்க்கும் டாக்டர். அச்சகக்காரர் ஒரு நிம்மதிப் பெருமூச்சை மறைக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்தது. எதற்காகச் செய்தார்கள் என்பதும் புரிந்தது. அது இன்னும் வலித்தது. கெட்ட எண்ணமாக இருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம்.

"அவர் அப்படியே எழுந்து வெளியே..." [இல்லை. அவர் போகவில்லை.]

"அவர் கண்களில் நீர்..." [நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதி உங்களை அழ வைக்க விருப்பமில்லை.]

அவர் மேசையைத் தட்டினார். நல்ல கையின் விரல் முட்டியால், இரண்டு தரம். நல்ல சேதி கேட்டால் தட்டுகிற அதே தட்டு. யாரும் எந்தச் சேதியும் சொல்லியிருக்கவில்லை.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். மறுபடி தட்டினார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

"அவருக்கு சேதி வேணுமாம்" என்றார் மாஸ்டரின் மனைவி.   "நாங்க அதுக்குத்தான் வந்தோம்."

 அப்போது பல் டாக்டர் நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார்.

"எனக்குப் பேத்தி பொறந்திருக்கா!" என்று கத்தினார். "காலையிலேர்ந்து தொண்டையில நிக்குது! இந்தாங்க படம்! மூக்கு என் மூக்கு, யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது!"

மேசை அதிர்ந்தது. கரண்டிகள் குதித்தன. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்று, பிறகு தொடர்ந்தது.

7

அதற்குப் பிறகு யாரும் சுற்றைத் தொடங்கவில்லை. அது தானே கிளம்பிவிட்டது. ஒருவருக்கு மகன் போன் செய்திருந்தான், காரணமே இல்லாமல். ஒருவருக்கு முட்டி வலி இடம் மாறியிருந்தது, அதுவே சேதி. தலைவி எழுந்து, "நான் ஒரு தப்புப் பண்ணப் பாத்தேன், அது நடக்கல. அதான் என் சேதி" என்று சொல்லி மாஸ்டரைப் பார்த்துக் கை கூப்பினார். மாஸ்டர் மேசையைத் தட்டினார்.

சுற்று அச்சகக்காரரிடம் வந்தது. அவர் எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என் சேதி, மாஸ்டர் வந்திருக்கார். அவ்வளவுதான்." எல்லோரும் தட்டினார்கள். அவர் உட்காரவில்லை. தட்டுகிற சத்தம் அடங்கும் முன்பே அவசரமாகச் சொன்னார்: "மாஸ்டரோட சேதியையும் நானே சொல்லிடுறேன். நல்லா நடக்கிறார், நல்லா சாப்பிடுறார், உங்க எல்லாரையும் பாத்ததுல அவருக்கு ரொம்ப சந்தோஷம். அதானே மாஸ்டர்? அதேதான். சரி, அடுத்து அண்ணி..."

மாஸ்டர் அவர் முன்கையைப் பிடித்தார். இறுக்கமாக இல்லை. பிடித்துக் கீழே இழுத்தார். அச்சகக்காரர் உட்கார்ந்தார். மாஸ்டர் அந்தக் கையையே ஊன்றுகோல் போல அழுத்திக்கொண்டு எழுந்தார். எழுவதற்கே நேரம் எடுத்தது. உதவ நீண்ட கைகளைத் தலைவி பார்வையாலேயே நிறுத்தினார்.

மனைவியின் உதடுகள் சத்தமில்லாமல் குவிந்தன. *எல்லா...*

மாஸ்டர் சபையைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"நீ" என்றார்.

மனைவியின் உதடுகள் நின்றன. ஒத்திகையில் அந்தச் சொல் கிடையாது. சபைக்குச் சொல்ல இருந்த வாக்கியத்தில் நண்பன் 'வந்தான்'. தூரத்தில் நிற்கிற ஒருவன். இது வேறொரு வாக்கியம். யாரும் கூட இருந்து பழக்கியதல்ல. எங்கே போகிறது என்று பக்கத்தில் இருந்தவருக்கே தெரியாது.

"நீ... என்..."

அச்சகக்காரரின் வாய் திறந்தது. பழக்கம். திறந்தது அப்படியே நின்றது. 'நீ என்' என்பதற்குப் பிறகு என்னென்னவோ வரலாம். ஊரில் எல்லோருடைய மிச்ச வாக்கியமும் தெரிந்த அந்த மனிதருக்கு, இதன் மிச்சம் என்ன என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டார். காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

8

இங்கே நிறுத்துகிறேன். இந்த இடத்தில் நான் பல முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மடை திறந்தது போல மாஸ்டருக்குப் பேச்சு வருகிறது. பழைய மாஸ்டர், மதில் சாய்ந்த கதை, சிரிப்பு. எழுதும்போது எனக்கே ஆனந்தமாக இருந்தது. ஆனால் அது பொய். பேச்சுக்காக மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

இன்னொன்றில், அச்சகக்காரர் தாங்க முடியாமல் வாக்கியத்தை முடித்து வைக்கிறார். அது சரியாகவும் இருக்கிறது. கட்டிக்கொள்கிறார்கள். இது மோசமான முடிவல்ல. நட்பில் இப்படியும் நடக்கும். ஆனால் மாஸ்டர் அதற்காக அங்கே வரவில்லை.

மற்றொன்றில், டிரைவிங் வகுப்பில் மாஸ்டர் சொல்வதை அச்சகக்காரர் திருப்பிச் சொல்கிறார்: "வண்டி நின்னா நிக்கட்டும் மாஸ்டர். மெதுவா கிளட்சை விடுங்க." இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன். மறுநாள் அடித்துவிட்டேன். உண்மையான மனிதர்கள் அந்த நிமிடத்தில் அவ்வளவு சாமர்த்தியமாக இருப்பதில்லை. நான் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். அதுதான் அவரால் முடிந்த மிகப் பெரிய காரியம்.

எழுதுகிறவனும் ஒரு வகையில் அச்சகக்காரன்தான் என்று இப்போது தோன்றுகிறது. யாரோ பாதியில் விட்டதை எடுத்து முடித்து, ஓரம் வெட்டி, மடித்துக் கொடுப்பவன். பெரும்பாலும் அது தேவைப்படுகிறது. சில நேரம்...

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.]

9

நடந்ததைச் சொல்கிறேன்.

நீண்ட நேரம் ஆனது. இரண்டாவது தட்டைக் கொண்டுவந்த பரிசாரகர் வாசலிலேயே நின்றார். யாரோ இருமலை விழுங்கினார்கள். பல மௌனங்களில் இருந்திருக்கிறேன். பெரும்பாலானவை எதையோ தவிர்ப்பதற்காக ஏற்பட்டவை. இது அப்படி இல்லை. ஒரு மேசை முழுக்க மனிதர்கள் ஒருவருக்காக இடத்தைக் காலி செய்து வைத்திருந்தார்கள். அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது என்பதற்காகத்தான் முதலிலேயே நன்றி என்று சொன்னேன்.

சொல் ஒவ்வொன்றாக வந்தது. ஒன்று வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தது. ஒன்று கோணலாக வந்தது. மாஸ்டர் தலையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டுச் சரியானதைத் தேடினார். கடைசிச் சொல்லும் வந்தது. வாக்கியம் முடிந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரியும். நேர் எதிரில்தான் இருந்தேன். ஆனால் அது 'நீ' என்று தொடங்கிய வாக்கியம். அந்த 'நீ' நான் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் இல்லை. மாஸ்டரின் மனைவியிடம் பிறகு பேசியபோதுகூட நாங்கள் இருவரும் அதைத் திருப்பிச் சொல்லிக்கொள்ளவில்லை.

சொல்லக்கூடியது இதுதான். யாரும் மேசையைத் தட்டவில்லை. எல்லோரும் அச்சகக்காரரைப் பார்த்தார்கள். எதற்கும் உடனே பதில் வைத்திருக்கும் அவர், மடியில் கிடந்த கைக்குட்டையை எடுத்து விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்:

"இன்னொரு தடவை சொல்லுங்க மாஸ்டர்."

"அடப்பாவி!" என்றார் பல் டாக்டர். "அவர் பட்ட பாடு போதாதா?"

"நீங்க சும்மா இருங்க டாக்டர். என்கிட்டதானே சொன்னார்." அவர் மாஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவா சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம் முதலில், மறு பக்கம் பின்னால். ஊன்றுகோலை மனைவியிடம் கொடுத்தார். தளர்ந்த கையை மேசையிலும், நல்ல கையை அச்சகக்காரரின் தோளிலும் வைத்துக்கொண்டார்.

இந்த முறை நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். என் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். உங்களுக்கு என்ன கேட்கிறதோ அதுதான் முடிவு. எனக்குச் சொல்ல வேண்டாம்.

மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"நீ..."